உடைந்தால்தான் புரதம்

உயர்தர வகுப்பில் எங்கள் இரசாயனவியல் ரீச்சர் செப்பு சல்பேற்றுக் கரைசல் நிறைந்த முகவைக்குள் நூலில் கட்டிய சின்னப் பளிங்கொன்றை (படிகத்தை) தொங்கவிட்டு, ஆய்வுகூட மூலையில் வைத்தார். "ஒருத்தரும் மேசையைத் தட்டக்கூடாது" என்று மட்டும் சொன்னார். இரண்டு வாரம் கழித்து அந்த நீலக் கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இந்தச் சிறப்பு மலருக்கு எழுதும்படி சங்கத்தினர் கேட்டதும் முதலில் கண்ணுக்குள் வந்தது அதுதான். நான் இன்றைக்கும் பளிங்குதான் வளர்க்கிறேன், புரதத்தில். அந்தப் பளிங்கில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சித்தான் புரத மூலக்கூறின் வடிவத்தைக் கண்டுபிடிப்போம்.

ஒரு மைக்குரோ லீற்றர் புரதக் கரைசலோடு அதே அளவு உப்புக் கரைசலைச் சேர்த்து மெல்லிய கண்ணாடித் துண்டில் துளியாக விடுவோம். அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதே உப்புக் கரைசல் அரை மில்லி லீற்றர் உள்ள குழியைக் கிறீஸ் பூசி மூடுவோம். துளியில் உப்பின் செறிவு பாதிதான், குழியில் கூட என்பதால் துளியின் நீர் ஆவியாகிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகும். புரத மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருங்கும். அவசரமாக நெருங்கினால் வெறும் வீழ்படிவு. பதமாக நெருங்கினால் பளிங்கு. கோழிமுட்டை வெண்கருவிலுள்ள லைசோசைம் ஓரிரு நாளில் பளிங்காகிவிடும். புதிதாக வருபவர்களுக்கு அதைத்தான் முதலில் கொடுப்போம். மற்றப் புரதங்கள் அப்படி இரங்குவதில்லை.

என் முனைவர் பட்ட ஆய்வுப் புரதம் ஏழு மாதம் இரங்கவில்லை. ஒருநாள் காலை நுணுக்குக்காட்டியில் பார்க்கிறேன், கத்தி விளிம்போடு ஒரு பளிங்கு. ஆய்வுகூடமே கூடிவிட்டது. மேற்பார்வையாளர் ஒன்றும் பேசாமல் மெல்லிய ஊசியொன்றை நீட்டி, "அழுத்திப் பாருங்கள்" என்றார். ஏழு மாதத்துக்குப் பிறகு வந்ததை நானே உடைக்கவா? கை நடுங்கியது. அழுத்தினேன். உடையவில்லை, ஊசிதான் வழுக்கியது. கல் போன்ற கடினம். அப்படியென்றால் உப்பு. புரதத்தைப் பொஸ்பேற்றுத் தாங்கற்கரைசலில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) வைத்திருந்தேன், குழியிலோ கல்சியம். இரண்டும் சேர்ந்து கல்சியம் பொஸ்பேற்றாகப் பளிங்காகியிருந்தன. அன்றே தாங்கற்கரைசலை மாற்றினேன்.

உண்மையான புரதப் பளிங்கு மென்மையானது. ஏறத்தாழப் பாதி நீர். மூலக்கூறுகளுக்கிடையே வாய்க்கால் வாய்க்காலாக அந்த நீர் நிற்கும். காய்ந்தால் ஒழுங்கு குலைந்துவிடும். 1934ல் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானிகளான பெர்னாலும் டொரதி குறோபுட்டும் (பின்னாளில் ஹொட்ஜ்கின்) பெப்சின் என்ற புரதத்தின் பளிங்கை அது வளர்ந்த திரவத்தோடேயே கண்ணாடிக் குழாயில் வைத்து எக்ஸ் கதிர் படம் எடுத்தார்கள். பளிங்கில் பட்டுச் சிதறிய கதிர்கள் படத்தில் ஒழுங்கான புள்ளிகளாக விழுந்தன. ஈரத்தோடு விட்டதுதான் அவர்கள் செய்த பெரிய காரியம். துளியைத் திறந்து ஒரு நிமிடம் கூடுதலாக வைக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் நான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

அடுத்த வருடம் ஒரே துளியில் நான்கு பளிங்குகள். ஒவ்வொன்றும் மில்லி மீற்றரில் பத்தில் ஒரு பங்கு. முதலாவதை ஊசியால் தொட்டேன். பொலபொலவென்று உதிர்ந்துபோனது. அதைப் பார்த்து நான் அழுதேன், சந்தோசத்தில். இரண்டாவதற்கு மெதிலீன் நீலச் சாயம் துளி விட்டேன். சாயம் அந்த நீர் வாய்க்கால்களுக்குள் ஊறி, பளிங்கு ரீச்சரின் கல்லைப்போல நீலமானது; உப்பென்றால் சாயம் உள்ளே போகாது. மூன்றாவதைக் கிளிசரோலில் தோய்த்துத் திரவ நைதரசனில் உறையவைத்து எக்ஸ் கதிரில் பிடித்தோம். உப்பாக இருந்தால் எட்ட எட்டச் சில புள்ளிகள்தான் விழும். எங்கள் திரையில் நெருக்கி நெருக்கி நூற்றுக்கணக்கில் விழுந்தன.

நான்காவது பளிங்கு இருந்த குழியைத் திரும்ப மூடி, தட்டை அடுக்கின் கடைசி மூலையில் வைத்தேன். அந்தப் பக்கம் ஒருத்தரும் தட்டக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.