நிரூபணம் எழுதும் முறை

"அடுத்தடுத்த இரு ஒற்றை எண்களின் வர்க்கங்களின் வித்தியாசம் 8-இன் மடங்கு என நிறுவுக" என்ற வினாவுக்கு, 25 − 9 = 16, 49 − 25 = 24 என்று சரிபார்த்துவிட்டு 'எனவே நிறுவப்பட்டது' என முடிக்கும் மாணவர்கள் உண்டு; எத்தனை எடுத்துக்காட்டுகளை அடுக்கினாலும் அது நிரூபணம் ஆகாது.

க ஒரு முழு எண் என்று முதல் வரியிலேயே குறிப்பிட்டு, அவ்விரு எண்களை 2க − 1, 2க + 1 எனக் கொண்டு, பின்வருமாறு எழுத வேண்டும்:

(2க + 1)² − (2க − 1)²
= (4க² + 4க + 1) − (4க² − 4க + 1)
= 8க

இரண்டாவது அடைப்புக்குறியை விட்டுவிட்டால் விடை வெறும் 2 என்றே வரும். அதன் பிறகும் கூச்சமின்றி 8க என்று எழுதி முடிப்பவர்களைத் திருத்துவோர் உடனே கண்டுகொள்வார்கள்.

வினாவில் 'அடுத்தடுத்த' என்ற சொல் இல்லாதபோது, இரு ஒற்றை எண்களுக்கும் ஒரே எழுத்தைப் பயன்படுத்தாமல், 2க + 1, 2ச + 1 என வெவ்வேறு எழுத்துகளைக் கொள்ள வேண்டும்.