தடுப்பூசிக்குப் பின் பக்கவிளைவா? ஃபோனில் பதிவு செய்யும்போது கவனிக்க

மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம் என்றால் பக்கவிளைவைப் பதிவு செய்யும் செயலியைத் திறக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பதிவெல்லாம் பிறகு.

மற்றபடி, முதல் வேலை தடுப்பூசி அட்டையைத் தெளிவாகப் போட்டோ எடுப்பது. எல்லோரும் சறுக்கும் இடம் பேட்ச் எண், அதாவது ஊசி மருந்து எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண். பூஜ்ஜியத்தை ‘ஓ’ என்றும் ஒன்றை ‘ஐ’ என்றும் தட்டிவிடுவார்கள். குறிப்பிட்ட பேட்ச்சில் கோளாறா என்று தேடுபவர்களுக்கு அந்தப் பதிவு அகப்படவே அகப்படாது.

ஒரு பதிவு செல்லுபடியாக நான்கு விஷயம் போதும்: யாருக்கு, யார் சொல்கிறார், எந்த மருந்து, என்ன ஆனது. ஆனால் “காய்ச்சல், உடம்பு சரியில்லை” என்று மட்டும் எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்? “காலை 10 மணிக்கு இடது கையில் ஊசி. இரவு 9 மணிக்கு 38.6 டிகிரி செல்சியஸ். பாராசிட்டமால் 500 மில்லிகிராம் ஒன்று. மறுநாள் மதியம் தணிந்தது.” இப்படி வேண்டும். வீக்கம் என்றால் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள்.

நீளமான படிவங்கள் பாதியிலேயே நேரம் முடிந்து காலாவதியாகலாம். நோட்ஸில் எழுதி வைத்து ஒட்டுவது நல்லது.

ஊசிதான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டாம், சந்தேகமே போதும். அதனால்தான் பக்கவிளைவுகளைப் பதியும் தளங்களில் உள்ள மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கையை “ஊசியால் பாதிக்கப்பட்டோர்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது அபத்தம்.

அனுப்பியதும் வரும் குறிப்பு எண்ணை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பிறகு நிலைமை மாறினால் அதே எண்ணில் சேருங்கள். புதிதாகப் பதிந்தால் ஒருவரே இரண்டு பேராகிவிடுவார்.