அக்டோபர் 3, நம்ம எல்லாருக்கும் கதவு தொறந்த நாள்

அமெரிக்கா வந்த புதுசுல ஜூலை 4 வாணவேடிக்கை எங்க நல்லா தெரியும், தேங்க்ஸ்கிவிங்குக்கு எந்தக் கடையில என்ன தள்ளுபடின்னு எல்லாரும் சொல்லிக் குடுத்தாங்க, ஆனா அக்டோபர் 3 பத்தி மட்டும் யாரும் வாயே திறக்கல. லீவு கிடையாதுல்ல, அதான்.

அந்தத் தேங்க்ஸ்கிவிங்கே இந்தத் தேதியில வந்த அறிவிப்புலருந்துதாங்க வந்துச்சு. 1789 அக்டோபர் 3ல ஜார்ஜ் வாஷிங்டன் நன்றி சொல்ற நாள்னு ஒரு அறிவிப்பு விட்டாரு, உள்நாட்டுப் போர் நடந்துட்டு இருந்தப்ப 1863ல அதே அக்டோபர் 3ல லிங்கனும் விட்டாரு, அதுலருந்துதான் வருஷா வருஷம் கொண்டாடறாங்க.

ஆனா எனக்குப் பெருசு 1965தான். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, லிபர்ட்டி சிலைக்குக் கீழ மேசையப் போட்டு ஜனாதிபதி ஜான்சன் புது குடியேற்றச் சட்டத்துல கையெழுத்துப் போட்டாரு. அதுவரைக்கும் 1924 சட்டம் கொண்டுவந்த கோட்டா முறைதான், எந்த நாட்டுலருந்து எத்தனை பேர் வரலாம்னு அளவு வச்சு, பிரிட்டன் ஜெர்மனிக்காரங்களுக்கு அள்ளிக் குடுத்துட்டு ஆசியாக்காரங்கள வாசல்லயே நிறுத்திட்டாங்க. பகத் சிங் திண்ட்னு ஒருத்தர், முதல் உலகப்போர் சமயத்துல அமெரிக்க ராணுவத்துல இருந்தவரு, குடியுரிமைக்காக சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாரு, நீ வெள்ளைக்காரன் இல்லன்னு 1923ல தீர்ப்பு சொல்லிட்டாங்க, அப்புறம் ஏற்கனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலர்கிட்ட இருந்தும் அதைப் பிடுங்கினாங்க. 1946ல இந்தியாவுக்குன்னு ஒதுக்கினது வருஷத்துக்கு 100 பேர். சனிக்கிழமை சாயங்காலம் நியூஜெர்சி எடிசன்ல நம்மூர் மளிகைக் கடைக்குப் போனா, பிஞ்சு கத்திரிக்காயா பாத்து பொறுக்கிட்டு, வெண்டைக்காய் நுனிய ஒடிச்சுப் பாத்துட்டு எத்தனை பேரு நிக்கறாங்க, அத்தனை பேருக்கும் அந்த 100ல எங்க இடம் இருந்திருக்கும்?

எமானுவேல் செல்லர்னு ஒரு புரூக்ளின் காங்கிரஸ் மெம்பர். 1924 சட்டம் வந்தப்பவே புது ஆளா எந்திரிச்சு எதிர்த்துப் பேசினவரு, 41 வருஷம் அங்கயே இருந்து அந்தக் கோட்டாவ எடுக்கற சட்டத்த அவரே கொண்டுவந்தாரு. இப்படி ஒரு பிடிவாதம் யாருக்குங்க இருக்கும்! இன்னொண்ணும் நாம மறக்கவே கூடாது, 1964ல சிவில் உரிமைச் சட்டம், 65 ஆகஸ்ட்ல வாக்குரிமைச் சட்டம்னு கறுப்பின மக்கள் அடிபட்டு உயிரக் குடுத்து வாங்கின சூட்டுலதான் இதுவும் பாஸ் ஆச்சு, நாம சுகமா வந்து இறங்கினதுக்குப் பின்னாடி அவங்க ரத்தம் இருக்கு.

இது ஒண்ணும் புரட்சிகரமான சட்டம் இல்லன்னு ஜான்சன் அன்னைக்குப் பேசினாரு. ஆனா 12 வருஷத்துக்குள்ள, 1977 ஜூலை 4 அன்னைக்கு, நியூயார்க் ஃபிளஷிங்ல பிள்ளையார் கோயிலுக்குக் கும்பாபிஷேகமே நடந்துருச்சு, அதுக்கு முன்ன நின்னவரு ஐ.நா.வுல வேலை பாத்த நம்ம அழகப்பா அழகப்பன். இப்ப அங்க கீழ கேன்டீன்ல தோசைக்கு வரிசையில நின்னா முன்னாடியும் பின்னாடியும் தமிழ்ச் சத்தம் கேக்குது, மனசு நிறைஞ்சு போகுது.

இன்னைக்கு நம்ம ஆளுங்க கிரீன் கார்டுக்கு வருஷக்கணக்கா காத்துக் கிடக்கறதுக்கும் வேர் அந்தச் சட்டத்துலதான் இருக்கு. ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா நாடுகளுக்கெல்லாம் ஒரே அளவுன்னு அன்னைக்கு வச்சது நியாயமாத்தான் இருந்துச்சு, இப்ப அது குடும்பம், வேலை வழியில வருஷத்துக்குக் குடுக்கற கிரீன் கார்டுல எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீத உச்சவரம்பு, ஐஸ்லாந்துக்கும் அதே 7, இந்தியாவுக்கும் அதே 7. வேலை வழி கிரீன் கார்டுக்கு இந்த வரம்ப எடுக்கணும்னு 2019ல கீழ்சபையில பாஸ் ஆன மசோதா கடைசி வரைக்கும் சட்டமாகல. சிட்டிசன் ஆயிட்டவங்க உங்க காங்கிரஸ் மெம்பர் ஆபீசுக்கு இதுக்காக ஒரு போன் போடுங்க, அக்டோபர் 3 அன்னைக்கே போடுங்க.