பத்துக்கு ஒன்பது

மார்ச் 3, 2023, வெள்ளி

என் கணவருக்கு இன்று லீவு. அவர் வேலை பார்க்கும் மாலத்தீவுத் தலைநகர் மாலேயில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. நமக்கும் அங்கேக்கும் மூன்று மணி நேரம் வித்தியாசம். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பத்தரைக்கு நான் கொட்டாவி விடும்போது அங்கே ஏழரை, அவர் சாப்பாட்டுக் கடையில் நிற்பார். நாங்களும் அங்கே போய் இருக்க அறை ஒன்று பார்த்தாராம். பத்துக்கு ஒன்பது அடி. ஜன்னல் இருக்கா என்றேன். "இருக்கும்மா" என்றார். கீழே என்ன கடை என்றேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

மார்ச் 4

பக்கத்து வீட்டு வாசலில் பதினாலு ஜோடி செருப்பு.

மார்ச் 6, திங்கள்

பாப்பாவும் நானும் ஹாலில் சாக்பீஸால் கோடு போட்டோம், பத்துக்கு ஒன்பது. கட்டிலை உள்ளே இழுத்தோம். கட்டில் நின்றால் அலமாரிக்கு இடமில்லை. அலமாரி நின்றால் கதவு திறக்காது. அடுப்பு எங்கே என்று பாப்பா கேட்டாள். அடுப்பு வெளியே, ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒன்று என்று அப்பா சொன்னார் என்றேன். அத்தை சாய்வு நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "எனக்கு எங்கடி கோடு?" என்றார்.

விளையாட்டுக்குக் கேட்டாரா, தெரியவில்லை.

மார்ச் 9

கோட்டை இன்னும் அழிக்கவில்லை. கூட்டும்போது சுற்றிப் போகிறேன்.

நான் பிறந்த ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் ஒரு அறை, சமைக்க ஒரு குசினி, முன்னால் அஞ்சடித் திண்ணை. நாங்கள் எட்டுப் பேர். அப்பாவும் அண்ணன்களும் அஞ்சடியில் படுப்பார்கள், மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடி வந்து எங்கள் கால்மாட்டில் விழுவார்கள். அதை இப்போது எல்லாரும் "அந்தக் காலத்தில் எவ்வளவு ஒற்றுமை" என்று பேசுகிறார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது உடுப்பு மாற்ற இடம் தேடியதுதான். பன்னிரண்டு வயதில் ஒருநாள் ரப்பர் பால்வாளி அடுக்கும் மூலையில் சாக்கைக் கட்டி மறைவு செய்தேன். அம்மா திட்டவில்லை. மறுநாள் அவரும் அங்கேதான் உடுத்தினார்.

அவ்வளவுக்கும் எங்களுக்குக் கதவைத் திறந்தால் வெளி இருந்தது. ரப்பர் மரம், புல், வாய்க்கால். மாலேயில் கதவைத் திறந்தால் என்ன இருக்கும்? அடுத்தவன் கதவு.

மார்ச் 12, ஞாயிறு

இந்த வீட்டின் சொந்தக்காரர் வந்து போனார். மகனுக்குக் கல்யாணமாம். ஏப்ரல் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். தேத்தண்ணி குடித்துவிட்டு, சாக்பீஸ் கோட்டைப் பார்த்து "என்னம்மா, கோலமா?" என்றார்.

மார்ச் 17, வெள்ளி

இன்று நிறையப் பேசினார். இவரோடு ஏர்கோன் மாட்டும் ஒருவர் தெற்குப் பக்கத் தீவுக்காரர். ஊரில் சொந்த வீடு இருக்கிறது, முற்றத்தில் தென்னை இருக்கிறது. மகளின் மேல்படிப்புக்கும் அம்மாவின் வைத்தியத்துக்கும் மாலேக்கு வந்தவர், இப்போது இரண்டு அறையில் ஒன்பது பேர். பையன்கள் முறை வைத்துத் தூங்குகிறார்களாம். நாடு முழுக்க ஐந்து லட்சத்துச் சொச்சம் பேர், அதில் ஐந்தில் இரண்டு பேர் மாலேப் பக்கம்தான் இருக்கிறார்கள் என்றார். மாலே மொத்தமே இரண்டு சதுர கிலோமீட்டர். நம் பக்கம் ஒரு தோட்டம் அதைவிடப் பெரிசு.

கடலில் மண் கொட்டி ஹுல்ஹுமாலே என்று ஒரு தீவையே உண்டாக்கியிருக்கிறார்கள். 1997ல் தொடங்கிய வேலை. 2018ல் பாலம் திறந்த பிறகு மோட்டார் சைக்கிளிலேயே போகலாம். அங்கே 16 கோபுரம், 7,000 வீடு. அந்தத் தீவுக்காரரும் எழுதிப் போட்டாராம், கிடைக்கவில்லை. சொந்த நாட்டுக்காரனுக்கே இல்லை, நமக்கு யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்று சிரித்தார்.

மூன்று மாத முன்பணம் கேட்கிறார்களாம். வாடகை இவர் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

கீழே என்ன கடை என்று கேட்க மறந்துவிட்டேன்.

மார்ச் 18

மறக்கவில்லை. பயந்துதான் கேட்கவில்லை.

போன நவம்பர் 10, மாலேயில் ஒரு கட்டடம் தீப்பிடித்தது. கீழே வண்டிப் பட்டறை, மேலே வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் அறைகள். விடிவதற்குள் 10 பேர் போய்விட்டார்கள். அவர் மாலேக்குப் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மத்தியானம் வரை போன் அடைத்தே கிடந்தது. கடைசியில் எடுத்தபோது, "சார்ஜ் இல்லம்மா, ஆறு பேருக்கு ஒரு பிளக்" என்றார். அன்றிலிருந்து அவர் தங்கும் அறை எந்த மாடி, படி எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு தடவையும் நேராகப் பதில் வந்ததில்லை.

மார்ச் 23

நோன்பு தொடங்கியது. பக்கத்து வீட்டில் விடியுமுன்பே பாத்திரச் சத்தம். பதினேழு ஜோடி.

மார்ச் 26, ஞாயிறு

பக்கத்து வீட்டில் தங்கியிருக்கும் பங்களாதேஷ் பையன்களில் ஒருவன் வேலிப் பக்கம் வந்து, "அக்கா, தண்ணி கொஞ்சம்" என்று கேட்டான். அவர்கள் வீட்டில் தொட்டி தீர்ந்துவிட்டதாம். ரப்பர் குழாயை இந்தப் பக்கத்திலிருந்து நீட்டினேன். கதவு வழியாகக் கொஞ்சம் தெரிந்தது. ஹாலில் கட்டில் மேல் கட்டில்.

என் சின்னத் தம்பிக்குத் தெரியாத சட்டம் இல்லை. தொழிலாளி தங்கும் வீட்டில் ஆளுக்கு 3.6 சதுர மீட்டராவது வேண்டும், பலர் சேர்ந்து படுக்கும் டோர்மிட்டரி மாதிரி இருந்தால் 3 போதும் என்றான். சாக்பீஸ் எடுத்தேன். பத்துக்கு ஒன்பது என்றால் எட்டு சதுர மீட்டர் சொச்சம். அவர், நான், பாப்பா. மூணு மூணு ஒன்பது. டோர்மிட்டரிக் கணக்கிலும் நாங்கள் தேறவில்லை. அந்தச் சட்டம் இங்கேதான், மாலேயில் இல்லை. இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஏப்ரல் 1

சண்டை. "ஜன்னல், ஜன்னல் என்று உயிரை எடுக்காதே. வருவதென்றால் வா, இல்லையென்றால் உன் தம்பி வீட்டில் இரு" என்றார். தம்பி வீட்டில் ஏற்கனவே ஏழு பேர்.

ஏப்ரல் 2

பேசவில்லை.

ஏப்ரல் 3

பேசவில்லை. சாதம் குழைந்துவிட்டது.

ஏப்ரல் 7, வெள்ளி

வீடியோவில் காட்டினார். ஐந்தாவது மாடி. ஜன்னல் இருக்கிறது! திறந்து கையை நீட்டினார், எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டார். பெருமையாகத் தொட்டுக் காட்டினார், பாவம். படியில் இறங்கச் சொன்னேன். இறங்கினார். நாலு, மூணு, இரண்டு. படி அகலம் ஒரு ஆள்தான். கீழே வந்ததும் போனை வானத்துப் பக்கம் திருப்பிவிட்டார். ஒரு சத்தம் கேட்டது, இரும்பை அறுக்கிற மாதிரி.

நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 8

அத்தை காலையிலேயே குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஈப்போ போகணுமாம், பாஸ்போர்ட் எடுக்க. யார் சொன்னது என்றேன். "நான்தான். அவன் என் பிள்ளை" என்றார். கட்டணம் 200 மலேசிய வெள்ளி, அறுபது தாண்டியவர்களுக்கு 100தான் என்று விசாரித்தே வைத்திருக்கிறார். படம் எடுக்கக் கறுப்பு மாதிரி அடர் நிறத்தில் ஏதாவது உடுத்த வேண்டுமாம். அவரிடம் அப்படி எதுவுமே கிடையாது. என் அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருக்கிறார், சாக்பீஸ் கோட்டுக்குள்.