தில்லிக்குப் போகுமுன் ஒரு வேலை

ஜூன் 29, 2025, பாளையங்கோட்டை

என் கணவர் தில்லிக்குப் போய் இன்றோடு மூன்று வாரம். மாற்றல் வந்த அன்றே சொல்லிவிட்டேன்: கையில் வேலை இல்லாமல் நான் ரயில் ஏறமாட்டேன். அம்மாவுக்கு மனத்தாங்கல். "போய் இறங்கிப் பாத்துக்கிடலாம்லா, கிடைக்காமலா போயிரும்?" என்கிறாள்.

நாக்பூருக்கு அப்படித்தான் போனேன். பதினான்கு மாதம் வீட்டிலேயே இருந்தேன். அதற்கு முன் ஆடிட்டர் ஆபீஸில் ஆறு வருடம் பார்த்த வேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நடுவில் ஏன் இடைவெளி என்றுதான் கேட்டார்கள். திரும்பி வந்து அதே நாற்காலியில் பழைய சம்பளத்துக்கே உட்கார்ந்தது இன்னும் உறுத்துகிறது.

ஜூலை 3

வேலை தேடும் நவ்க்ரி தளத்தில் விவரம் போட்டுப் பத்து நாளாக ஒரு போனும் இல்லை. ஊர் திருநெல்வேலி என்று இருந்தாலே ஒதுக்கிவிடுகிறார்கள் போல. தில்லி என்று பொய் போட மனம் வரவில்லை. முதல் வரியிலேயே "கணவர் தில்லியில் பணியாற்றுகிறார், அக்டோபரில் வருகிறேன்" என்று எழுதினேன். சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் கூப்பிட்டார்கள்.

ஜூலை 8

அதில் ஒருவர் கன்சல்டன்சி என்று சொல்லிப் பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய் கேட்டார். அனுப்பினேன். நேற்றிலிருந்து அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். என் இரண்டு நாள் சம்பளம். கணவரிடம் சொல்ல பயமாக இருந்தது, ஆனால் திட்டவில்லை. "விடும்மா. இனிமே எவனாவது காசு கேட்டா போனை வச்சிரு" என்றார்.

ஜூலை 12

இந்திதான் பெரிய கவலை. நாக்பூரில் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் வந்தது. இன்று கணக்கு வேலைக்கான சொற்களை நோட்டில் எழுத உட்கார்ந்தேன். பாக்கி, வசூல், ரசீது, ஜமா. எழுத எழுத ஆச்சரியம்! தாத்தா காலத்திலிருந்து நம் கடைகளில் புழங்கும் சொற்கள், அங்கேயும் அதேதான். "கித்னா பாக்கி ஹை" என்று கேட்க இனி எனக்குப் பயமில்லை.

ஜூலை 22

20ஆம் தேதி 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் முடியும்வரை மூச்சுவிட நேரமில்லை. இன்று வீடியோவில் நேர்காணல். கரோல் பாக்கில் இரு சக்கர வாகன உதிரி பாகங்கள் மொத்த வியாபாரம். தமிழ்நாட்டுக் கடைகளுக்கும் சரக்கு போகிறதாம். முதலாளி வயதானவர், நிதானமாகப் பேசினார். அப்புறம் இருபது பில்களை அனுப்பி, டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றிக் காட்டச் சொன்னார்.

பதினோராவது பில்லில் கை நின்றது. வாங்குகிற மதுரைக் கடைக்காரரின் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்குகிறது, அதாவது தமிழ்நாடு. விற்பவர் எண் 07, தில்லி. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி போட வேண்டும். இதிலோ வரியை, ஒரே மாநிலத்துக்குள் விற்பதுபோல, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பாதிபாதியாகப் பிரித்திருந்தார்கள். "சார், இப்படிப் போனால் மதுரைக் கடைக்காரருக்கு வரி வரவு கிடைக்காது, உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்திவைப்பார்" என்றேன். இத்தனை வருடம் அந்த மாதிரிக் கடைக்காரர்களின் கணக்கைத்தானே பார்க்கிறேன்! தெரிந்தே வைத்தாரா, தெரியாமல் வந்ததா என்று அவர் சொல்லவில்லை. "அந்தக் கடைகளிடம் தமிழில் பேசி பாக்கி கேட்பீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 26

வேலைக்கான கடிதம் மெயிலில் வந்துவிட்டது. சம்பளம் 28,000 ரூபாய். இங்கே வாங்குவது 19,000. அக்டோபர் முதல் வாரம் சேர வேண்டும். வருமானவரிக் கணக்குக் கெடு செப்டம்பர் 15 வரை தள்ளிப்போயிருந்தாலும் அது முடிந்த பிறகுதான் கிளம்புவேன் என்பதால் ஆடிட்டர் சாரை நடுவழியில் விட்டுவிட்டுப் போகிறோமே என்ற குற்ற உணர்வும் இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டுக் கணவர், "நாக்பூருக்குப் போறப்பவே இதைச் செஞ்சிருக்கணும்மா" என்றார்.

அவர் மயூர் விஹாரில் வீடு பார்க்கிறேன் என்கிறார். தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள், கரோல் பாக்குக்கு ப்ளூ லைனில் மாறாமல் போகலாம். எங்கே குடியிருப்பது என்பதை என் வேலையை வைத்து நாங்கள் முடிவு செய்வது இதுதான் முதல் தடவை.

ஜூலை 28

அறுபது நாள் முன்பதிவு இன்று திறந்தது. காலை எட்டு அடித்ததும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஒரு டிக்கெட் போட்டேன். லோயர் பெர்த். அம்மா இரண்டு ராத்திரிக்கு எத்தனை இட்லி, எதில் பொடி தடவுவது என்று இப்போதே கேட்கிறாள்.