நான் நீக்கிய பத்தி

"இதை உங்கள் அறிக்கையில் எங்கே சேர்ப்பீர்கள்?" என்று, பேட்டிக்கு வந்த மூத்தவர் தன் மரப்பெட்டியைக் காட்டிக் கேட்டார். "பின்னிணைப்பில்" என்றேன். யோசிக்காமல் சொன்ன அந்த ஒரு சொல்லை இத்தனை நாள் கழித்தும் என்னால் கீழே வைக்க முடியவில்லை.

2022ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள கிரேட் சால்ட் ஏரியின் தென்கரைப் படகுத்துறையில் தண்ணீர் போதாமல் பாய்மரப் படகுகளைக் கிரேன் வைத்துத் தூக்கிக் கரையேற்றிக்கொண்டிருந்த வாரங்களில், ஏரி வற்றுவதால் நேர்ந்த இழப்பைப் பற்றிய அறிக்கைக்காக, அதில் விளையாடியவர்களின் நினைவுகளைக் கேட்டு எழுதும் பொறுப்பு என் மேசைக்கு வந்தது. நான் நீர்வளப் பொறியாளன். நீர்வரத்தையும் ஆவியாதலையும் கணக்கிடுவது என் தொழில். மனிதர்களைப் பேட்டி காண்பதற்கு எங்கள் அலுவலகத்தில் வேறு ஆள் இல்லை என்பதைத் தவிர எனக்கு அதில் எந்தத் தகுதியும் இல்லை.

வந்தவர்களில் மூத்தவர் எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து அங்கே விண்ட்சர்ஃபிங் (பாய் பொருத்திய பலகைமேல் நின்று காற்றால் நீரில் விரைவது) செய்தவர். அவர் பழகிய ஏரி அன்று எல்லோரையும் பயமுறுத்திய ஏரி. 1986, 87ஆம் ஆண்டுகளில் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 4,211 அடியைத் தாண்டியபோது நெடுஞ்சாலையையும் ரயில்பாதையையும் காப்பாற்ற வழி தெரியாமல், மாநில அரசு பெரிய பம்புகளை நிறுவி ஏரித் தண்ணீரை மேற்குப் பாலைவனத்துக்குள் இறைத்துக் கொட்டியது. அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். உப்பு கரைந்து கனத்த அந்த நீரில் சிறிய அலைகூடக் கட்டையால் அடிப்பதுபோல் பலகையில் மோதும் என்றும், விழுந்தால் கண்ணைத் திறக்கவே முடியாது என்றும், வீட்டுக்குப் போனதும் பாயையும் கயிற்றையும் நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் மறுவாரம் பாய் அட்டைபோல் விறைத்து நிற்கும் என்றும் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்தார்.

பிறகு அவர் காரிலிருந்து ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். பலகைக்கு அடியில் மீன் துடுப்பைப்போல் நிற்கும் ஃபின்கள் அதில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் மார்க்கர் பேனாவால் ஆண்டு எழுதியிருந்தது. 1998ஆம் ஆண்டுக்கு உரியது என் முழங்கை முதல் விரல்நுனி வரை நீண்டிருந்தது. 2014ஆம் ஆண்டுக்கு உரியது அதில் முக்கால்வாசி இருக்கும். 2021 என்று எழுதியிருந்ததை என் உள்ளங்கையே ஏறக்குறைய மறைத்துவிட்டது. ஏரியடியில் நுண்ணுயிர்கள் கட்டி எழுப்பிய சுண்ணாம்புத் திட்டுகளில் உரசி, எல்லாவற்றின் நுனியும் வெள்ளையாகச் சிராய்ந்திருந்தது. ஒரு ஃபின் தரைதட்டினால் அடுத்த பருவத்துக்கு அதைவிடக் குட்டையான ஒன்றை வாங்குவது அவர் வழக்கம்.

அலுவலகத்துக்குத் திரும்பி அதைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். பத்து நாள் கழித்து நானே அதை நீக்கினேன். மேலாளர் அதைப் பார்க்கவே இல்லை என்பதால் பழியைப் போட எனக்கு வேறு ஆளும் கிடையாது.

நீக்கியதற்குக் காரணம் இருந்தது. ஃபின்னின் நீளத்தை ஆழம் மட்டும் முடிவு செய்வதில்லை; பாயின் பரப்பும், காற்றின் வேகமும், பலகையின் அகலமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. அவர் வயதோடு சின்னப் பாய்க்கு மாறியிருந்தாலும் ஃபின் குட்டையாகியிருக்கும். அந்த ஏரிக்கோ 1847 முதல் நீர்மட்டப் பதிவு இருக்கிறது. 1963இல் பதிவான மிகத் தாழ்ந்த மட்டத்துக்கும் கீழே 2021 ஜூலையில் ஏரி போனதையும், 2022 நவம்பரில் 4,188.5 அடிக்கு இறங்கியதையும் அளவுகோல் துல்லியமாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை வைத்தால் படிப்பவர்கள் இரண்டையுமே சந்தேகிப்பார்கள் என்று நினைத்தேன். இன்றும் அது தவறான நினைப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனாலும், வயதைப் பற்றியோ பாயின் அளவைப் பற்றியோ நான் அவரிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்காமல் விட்ட கேள்வியையே காரணமாக்கி ஒருவரின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளைத் தள்ளிவைத்தது துல்லியமா, சோம்பலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதே அறிக்கையில், ஏரிக்கு நீர் கொண்டுவரும் பேர், வெபர், ஜோர்டான் ஆறுகளிலிருந்து, கால்நடைத் தீவனமான குதிரைமசால் வயல்களுக்குத் திருப்பப்படும் நீரின் அளவுகளை, அவற்றில் பல வெறும் மதிப்பீடுகளே என்று தெரிந்தும், தசமப் புள்ளியோடு அட்டவணையில் போட்டவனும் நான்தான்.

அன்று நடந்த இன்னொன்றையும் நான் எழுதவில்லை. கைட்போர்டிங் (பெரிய பட்டம் இழுக்கப் பலகைமேல் நீரில் செல்வது) செய்யும் இளைஞர் ஒருவர், அவர்களுடைய பலகையில் விரல் நீள ஃபின்களே இருப்பதால் முழங்கால் நீர் போதும் என்றும், ஏரி வற்றத் தொடங்கிய சில ஆண்டுகளில் அலையில்லாத ஆழமற்ற நீர் கிடைத்ததால் புதிதாகக் கற்பவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இருந்ததில்லை என்றும் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். இப்போது அந்த முழங்கால் நீரைத் தேடிக் கையில் கைட்டோடு உப்புச் சேற்றில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கிறதாம். மூத்தவர் பதில் பேசாமல் ஃபின்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். இழப்பைப் பற்றிய அறிக்கையில் வற்றுவதால் கிடைத்த மகிழ்ச்சிக்கு இடமில்லை என்று அப்போது முடிவு செய்தேன். பெட்டியை நீக்கியதைவிட இது பெரிய பிழையாக இருக்கலாம்.

அறிக்கை வெளிவந்ததும் அவருக்கு அனுப்பினேன். "எந்தப் பக்கத்தில்?" என்று மட்டும் கேட்டு எழுதியிருந்தார். நான் பதில் எழுதவில்லை.

2023ஆம் ஆண்டு மலைகளில் வரலாறு காணாத பனி பெய்து, உருகி, ஏரி ஐந்தடிக்கு மேல் ஏறியது. அந்தக் கோடையில் அவரிடமிருந்து மீண்டும் ஒரு மின்னஞ்சல் வந்தது. பக்க எண்ணைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ஒரே ஒரு படம்: பெட்டியிலிருந்து எடுத்த பழைய நடுத்தர ஃபின், அதில் எழுதியிருந்த ஆண்டுக்குக் கீழே புதிய மையில் 2023. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நுனியில் இருந்த சிராய்ப்புகளில் எது பழையது, எது அந்தக் கோடையில் விழுந்தது என்று தெரியவில்லை. இந்த முறை கேட்டு எழுதினேன்; எந்தப் பாய், எத்தனை சதுர மீட்டர் என்பதையும் சேர்த்து.