சிறுத்தையின் வால்

கணக்கு சேர் போன தை மாதம் காலமாகிவிட்டார். அவரது நினைவு மலருக்கு எழுதச் சொன்னதும் எனக்கு வகுப்பறை நினைவுக்கு வரவில்லை. மேற்பிரிவுத் தேயிலை மலைதான் வந்தது.

ஏ.எல். (உயர்தர வகுப்பு) முதல் வருடம். பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தை ஒன்று மாட்டிச் செத்துக் கிடப்பதாகக் காலையில் தோட்ட ஆட்கள் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் பேச்சு. சேர் பாடத்தை நிறுத்திவிட்டு எங்களை அழைத்துப் போனார். கொழுந்துக் கூடையோடு அக்காமார் சுற்றி நின்றார்கள். நான் குனிந்து வாலைப் பார்த்தேன். அடியில் புள்ளிகள், நுனியை நெருங்க நெருங்க அவை ஒன்று சேர்ந்து வளையமாகியிருந்தன.

"ஏன் சேர் நுனியில மட்டும் வளையம்?"

பனியில் நனைந்த வாலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியாதுடா. நீ கண்டுபிடிச்சா எழுது" என்றார், அத்தனை பேர் முன்னால்.

1988இல், இங்கிலாந்தில், நூலகத்தில் விடை கிடைத்தது. உயிர்களில் வடிவங்கள் எப்படி உருவாகின்றன என்று கணித மேதை அலன் டியூரிங் 1952இல் எழுதிய கட்டுரை. கீரர், மைன்ஹார்ட் என்ற இரண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள் 1972இல் அதே எண்ணத்தை இன்னும் தெளிவாக்கினார்கள்: இரண்டு வேதிப்பொருள்கள்; தன்னைத் தானே பெருக்கும் ஒரு தூண்டி, அதை அடக்கும் ஒரு தடுப்பான். தடுப்பான் வேகமாகப் பரவினால், சீரான கலவை தானாகவே திட்டுத் திட்டாகப் பிரியும். பரவல் எல்லாவற்றையும் சமமாக்கும் என்றுதானே நாம் படித்தோம்? இங்கே பரவலே சமநிலையைக் குலைக்கிறது! வாலின் கணக்கைப் போட்டவர் கணித உயிரியலாளர் ஜேம்ஸ் மரே. மெல்லிய நுனியில் புள்ளிகள் பக்கம் பக்கமாக அமைய இடமில்லை, வளையம்தான் வரும். புள்ளி உடலுக்கு வரி வால் இருக்கலாம். வரி உடலுக்குப் புள்ளி வால் வராது.

மூன்று பக்கம் எழுதிப் போட்டேன். ஒரு மாதத்தில் சேரிடமிருந்து நீல ஏரோகிராம் வந்தது. "நல்ல விளக்கம். தூண்டி எந்தப் பொருள்? தடுப்பான் எது? பெயர் எழுதவும்."

அப்போது அது யாருக்கும் தெரியாது. அப்படியே எழுதியிருக்கலாம். படிக்க வந்த இடத்திலிருந்து 'தெரியாது' என்று எழுத வெட்கமாக இருந்தது. பதிலைத் தள்ளிப் போட்டேன்.

1990இல் பிரான்சின் போர்தோ நகர ஆய்வுகூடத்தில் குளோரைற்று, அயடைடு, மலோனிக் அமிலம் ஊறிய ஜெல்லில் அந்தப் புள்ளிகள் நிஜமாகவே தோன்றின. நிறம் காட்டச் சேர்த்த மாப்பொருள்தான் அயடைடைப் பிடித்து வைத்துத் தூண்டியை மந்தமாக்கியது என்று பிறகு கண்டார்கள். உருளைக்கிழங்கில் அயடீன் விட்டு நீலமாகிறதா என்று பார்த்தோமே, அதே மாப்பொருள். சேருக்கு எவ்வளவு பிடித்திருக்கும்! அப்போதும் எழுதவில்லை. வேலை, கல்யாணம், வீட்டுக் கடன்.

2021இல் பூனைக் கருவின் தோலில், ரோமத்துக்கு நிறம் வருமுன்பே வரிகளுக்கு இடம் குறிக்கும் மரபணு ஒன்றைக் கண்டார்கள்: டிகேகே4. தடுப்பான் வகை. அன்றே சேரின் வீட்டுக்கு போன் எடுத்தேன். அவருக்கு இப்போது ஆள் அடையாளம் தெரிவதில்லை என்றார் மகள். காதில் வைக்கச் சொல்லி அந்த மரபணுவின் பெயரைச் சொன்னேன். மூச்சு மட்டும் கேட்டது.

ஏரோகிராம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல எனக்கு 33 வருடம் ஆனது. 'தெரியாது சேர்' என்று ஒரு வரி போட்டிருந்தால், அவர் அடுத்த கேள்வியை அனுப்பியிருப்பார்.